பிள்ளை பார்க்கும் வேலையே!

(பட்டிமன்றத் தலைப்பு: விமானி ஆக நினைக்கும் பிள்ளைக்குப் பெரிதும் கைகொடுப்பது பெற்றோர் வாங்கும் கடனா? பிள்ளை பார்க்கும் வேலையா?)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே, இன்றைக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காமல் மேடையை விட்டு இறங்குவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே, (சிரிப்பு) எங்கள் அணித் தோழர்களே, அரங்கத்திலே நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே டி.வி. முன்னால் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு அடுப்படியைப் பார்த்துச் "சட்னி எங்கே?" என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கிற அன்பர்களே!

எனக்கு முன்னால் பேசின எதிரணி அம்மா ரொம்ப உருக்கமாகப் பேசினார்கள். முன்வரிசையில் ரெண்டு பேர் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன். அப்துல் கலாம் அய்யாவுக்குச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது, கட்டுவதற்கு ஆயிரம் ரூபாய் போல வேண்டியிருந்தது, வீட்டிலே அவ்வளவு பணம் இல்லை, அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். எல்லாம் உண்மை. அய்யாவே எழுதியிருக்கிறார். ஆனால் அம்மா அந்தக் கதையைப் பாதியிலே நிறுத்திவிட்டார்கள். மீதிப் பாதி எங்கள் அணிக்குச் சொந்தமானது என்று அவர்களுக்குத் தெரியும்! (கைதட்டல்)

மீதி என்ன தெரியுமா? அந்த வளையலை என் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்டுக் கொடுப்பேன் என்று அந்தப் பையன் மனசுக்குள் முடிவு செய்தான். படிக்கிற பையனுக்கு ஏது சம்பாத்தியம்? நன்றாகப் படித்தால் உதவித்தொகை கிடைக்கும். அதுதான் அவருக்கு இருந்த ஒரே சம்பாத்தியம். அடகுக் கடைக்குப் போனது அக்காவின் வளையல். அதற்கப்புறம் ராத்திரி பகலாக உழைத்தது யார்? கலாம் உழைத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் விமானியாகத்தான் ஆசைப்பட்டார். விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். 25 பேரில் அவருக்கு 9-வது இடம். எடுத்துக்கொண்டது 8 பேரை. ஒரே ஒரு இடத்தில் போயிற்று! ஆனால் அவர் கையில் படித்த படிப்பு இருந்தது. டெல்லியில் பாதுகாப்புத் துறை வேலைக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தார், அந்த வேலை கிடைத்தது. ஒரு கதவு சாத்தினபோது நிற்பதற்கு இன்னொரு திண்ணை இருந்தது. வீட்டை விற்று, நிலத்தை விற்று, ஒரே ஒரு கதவை மட்டும் நம்பிப் போகிற பிள்ளைக்கு அந்தத் திண்ணை எங்கே, நடுவர் அவர்களே?

சரி, கண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு வருவோம். நான் முப்பது வருஷம் வங்கியிலே குப்பை கொட்டினவள். அதிலே பாதி வருஷம் கல்விக்கடன் மேசை. எனக்குக் கண்ணீரை விடக் கணக்கு கொஞ்சம் நன்றாக வரும்.

சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டும் என்றால் வணிக விமானி உரிமம் வேண்டும். சி.பி.எல். என்று சொல்கிறார்களே, அதுதான். நம் நாட்டில் அதற்கு 18 வயது நிரம்ப வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதிலே 100 மணி நேரம் நீங்களே தலைமை விமானியாக, பக்கத்தில் வாத்தியார் கை கொடுக்காமல் ஓட்டியிருக்க வேண்டும். ராத்திரியில் பறக்க வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத தூரம் ஒரு பயணம், நடுவிலே வேற வேற விமானத் தளத்தில் இறங்கி ஏற வேண்டும்.

இதற்கு எவ்வளவு ஆகும்? இன்றைக்கு நாற்பது, ஐம்பது லட்சம் என்பது சாதாரணப் பேச்சு. கணக்குக்கு 45 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 200 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 22,500 ரூபாய். நிமிஷத்துக்கு 375. விநாடிக்கு ஆறே கால் ரூபாய். மேலே போய்ப் பிள்ளை ஒரு தும்மல் போட்டால் இங்கே அப்பாவுக்கு ஆறே கால் ரூபாய் போச்சு! (பலத்த சிரிப்பு)

நடுவர்: சளி பிடித்திருந்தால் வீடே போயிரும்ங்கிறீங்க!

ஆமாங்கய்யா! அதனால்தான் அந்தப் பிள்ளைகள் அவ்வளவு ஆரோக்கியமாக இருக்க வேண்டியிருக்கு. (சிரிப்பு)

அந்த 45 லட்சத்தை அப்படியே கடனாக வாங்குகிறோம். வட்டி 11 சதவீதம், பத்து வருஷத் தவணை என்று வையுங்கள். மாசா மாசம் சுமார் 62,000 ரூபாய் கட்ட வேண்டும். பத்து வருஷத்தில் மொத்தம் 74 லட்சத்துக்கு மேலே. பயிற்சிக் காலத்தில் தவணை கட்ட வேண்டாம், படிப்பு முடிந்தும் ஒரு வருஷம் அவகாசம் உண்டு என்று எதிரணித் தம்பி சொன்னார். தவணைக்குத்தான் அவகாசம் தம்பி. வட்டிக்கு விடுமுறை கிடையாது. அது ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கும், தீபாவளி அன்றைக்கும் வேலை பார்க்கும். நான் சொன்ன 74 லட்சத்தில் அந்த வட்டியைச் சேர்க்கவே இல்லை. அப்புறம், கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பிணை கேட்கும். பிணை என்றால் என்ன? வீடு. வேற என்ன இருக்கிறது நம்மிடம்?

சி.பி.எல். வாங்கியதோடு முடிந்ததா? முடியவில்லை. பயிற்சி விமானம் சின்னது, நம்ம கார் மாதிரி நாலு பேர் உட்காருவது. பயணிகளை ஏற்றுகிற ஏர்பஸ் 320, போயிங் 737 ஓட்டணும் என்றால் அந்த வகைக்கென்று தனிப் பயிற்சி. டைப் ரேட்டிங் என்று பேர். அதற்கும் பல லட்சம். நிறையப் பேர் அதையும் சொந்தக் காசில்தான் செய்கிறார்கள். கல்யாணச் செலவு முடிந்தது என்று உட்காரும்போது "சீர் எங்கே?" என்று கேட்கிற மாதிரி! (சிரிப்பு)

இப்போ எதிரணித் தம்பி ஒரு கணக்குச் சொன்னார். நியாயமான கணக்கு. "ஒரு பிள்ளை இருபத்தஞ்சாயிரம் சம்பளம் வாங்கி, அதிலே மாசம் 12,000 மிச்சம் பிடித்தால், 45 லட்சம் சேர 31 வருஷம் ஆகும். பேரன் பேத்தி எடுத்தப்புறமா விமானம் ஓட்டுவது?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். கணக்கு சரி. ஆனால் வேலையின் பயனைச் சம்பளத்தை மட்டும் வைத்து அளந்துவிட்டார். சம்பளம் அதிலே ஒரு பங்குதான்.

வேலை என்ன செய்யும்? எந்தச் செலவை முதலில் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும். சொந்தக் காசு என்றால் சட்டைத் துணியைத் திருப்பிப் பார்க்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம், சாயம் போகுமா என்று தேய்த்துப் பார்க்கிறோம். அப்பா காசு என்றால் "ரெண்டு எடுத்துக்கலாம்ப்பா" என்கிறோம். விமானி ஆகிற வழியில் நாலைந்து கதவு இருக்கிறது. முதல் சில கதவுகள் ஆயிரக் கணக்கில் திறக்கும். கடைசிக் கதவுதான் லட்சக் கணக்கு. கடன் வாங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? கடைசிக் கதவில் போய் முதலில் முட்டுகிறார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். என் மேசைக்கு முன்னால் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா, மகன், பின்னாலே நின்றுகொண்டு ஒரு மகள், பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. அப்பா ஒரு மஞ்சள் பையைப் பிரித்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்தார். அந்தப் பத்திரத்தைத் தொட்டு வைத்த விதத்தைப் பார்த்தாலே தெரியும், சாமி படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்து வந்திருக்கிறார். பயிற்சிப் பள்ளி பேர் சொன்னார், தொகை சொன்னார், "அடுத்த வாரம் முதல் பணம் கட்டணும், தாமதமானா இடம் போயிரும்னு சொல்றாங்கம்மா" என்றார்.

நான் பையனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, மெடிக்கல் முடிச்சுட்டியா?"

"நான் கண்ணாடிகூடப் போடலே மேடம், நல்லா தெரியும்" என்றான்.

கண்ணாடி பிரச்சினையே இல்லை. கண்ணாடி போட்டால் பார்வை முழுசாகத் தெரிகிறதா, போதும், விமானி ஆகலாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது, இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற கண்ணாடி போட்ட பிள்ளைகள் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் நிறம் பிரித்துத் தெரிய வேண்டும். காது, இதயம், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று, அப்புறம் முதல் வகுப்புச் சான்று. முதல் வகுப்பு இல்லாமல் சி.பி.எல். கிடையாது. "பத்திரத்தைப் பையிலே போடுங்க. மெடிக்கலை முடிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டேன். அந்த அம்மாவுக்கு என் மேல் கோபம். போகும்போது வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மூணு வாரம் கழித்து அப்பா மட்டும் வந்தார். புள்ளி புள்ளியாக வண்ணம் போட்டு நடுவிலே எண் எழுதியிருக்கிற ஒரு புத்தகத்தைக் காட்டுவார்கள். பையனுக்குப் பாதிப் பக்கத்தில் எண்ணே தெரியவில்லை. பத்தொன்பது வயசு வரைக்கும் அவனுக்கு அது தெரியாது. வீட்டிலும் யாருக்கும் தெரியாது. அப்பா என் எதிரே உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "வீடு தப்பிச்சிருச்சும்மா. பையன் மனசுதான் இன்னும் தப்பிக்கலே."

(அரங்கத்தில் அமைதி)

அந்த மெடிக்கலுக்கு ஆன செலவு சில ஆயிரம். பையன் மூணு மாசம் எங்கேயாவது ஒரு கடையில் பில் போட்டிருந்தால் அவனே கட்டியிருப்பான். அந்த வாரம் நான் லீவு எடுத்து, என் மேசையில் வேற யாராவது உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால்? பின்னாலே நின்ற அந்தப் பிளஸ் ஒன் பிள்ளை நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். ஒரு பிள்ளையின் கனவுக்கு வீட்டை வைக்கும்போது இன்னொரு பிள்ளையின் கனவும் அதே பத்திரத்துக்குள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை எதிரணியில் ஒருத்தரும் சொல்லவில்லை. (கைதட்டல்)

அடுத்த கதவு, எழுத்துத் தேர்வு. ரெகுலேஷன், நேவிகேஷன், வானிலை, டெக்னிக்கல் என்று தாள்கள். ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம். ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு எழுபது எடுக்க வேண்டும். நம்ம காலத்து முப்பத்தைந்து இங்கே செல்லாது! (சிரிப்பு) இந்தத் தேர்வுகளை எழுதுவதற்கு விமானத்தில் ஏற வேண்டியதே இல்லை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்த பிள்ளை, வேலை பார்த்துக்கொண்டே ராத்திரி உட்கார்ந்து படித்து எழுதலாம். மேகம் எப்படி உண்டாகிறது என்று படிப்பதற்கு மணிக்கு 22,500 தேவையில்லை, மேசை விளக்குப் போதும். இதைப் படிக்காமல் பயிற்சிப் பள்ளிக்குப் போய், அங்கே ஹாஸ்டல் வாடகை கொடுத்துக்கொண்டு, தாள் பாஸாகவில்லை என்று ஆறு மாசம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். வட்டி ஓடுகிறது, பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்.

இங்கேதான் எதிரணித் தம்பி சொன்ன இன்னொரு விஷயத்துக்குப் பதில் சொல்லணும். "வேலை பார்த்துக்கொண்டு மாசம் ஒரு தரம், ரெண்டு தரம் போய்ப் பறந்தால் கை மறந்துவிடும். போன தடவை கற்றதையே திரும்பக் கற்க வேண்டும். 200 மணி 250 மணி ஆகும், மிச்சம் பிடித்ததைவிட நஷ்டம் அதிகம்" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. சம்மதிக்கிறேன். பறப்பது சைக்கிள் மாதிரி இல்லை, வீணை மாதிரி. பழக்கம் விட்டால் விரல் மறக்கும். அதிலும் புதுசாகக் கற்கிறவருக்குச் சீக்கிரம் மறக்கும். அதனால் நாங்கள் துண்டு துண்டாகப் பறக்கச் சொல்லவில்லை. துண்டு துண்டாகச் சேர்க்கச் சொல்கிறோம். பறக்கப் போகும்போது தொடர்ந்து பறக்கட்டும், ஒரே மூச்சில் முடிக்கட்டும். அதற்கு முன்னாடி மெடிக்கல் கையில், தாள் கையில், கொஞ்சம் பணம் கையில்! (கைதட்டல்) எழுதின தேர்வுக்கும் காலக்கெடு உண்டு, அதனால் தாளைப் பத்து வருஷம் முன்னாடியே எழுதி வைத்துப் பிரயோசனம் இல்லை. பறக்கப் போகிற நேரத்தை ஒட்டி எழுத வேண்டும். இந்தத் திட்டத்தைப் போடுகிற பொறுமை வேலை பார்க்கிற பிள்ளைக்குத்தான் வரும்.

வெளிநாட்டில் பாருங்கள். அமீலியா இயர்ஹார்ட், அட்லாண்டிக் கடலை 1932-ல் தனியாகப் பறந்து கடந்த பெண்மணி. 1921-ல் பறக்கக் கற்கப் போனபோது காசு எங்கிருந்து வந்தது? போட்டோ பிடிக்கிற வேலை, லாரி ஓட்டுகிற வேலை, டெலிபோன் கம்பெனியில் சுருக்கெழுத்து வேலை. அப்புறம் விமானம் வாங்கும்போது அம்மாவும் கொஞ்சம் கொடுத்தார்கள். எதிரணி எழுந்திருப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்! (சிரிப்பு) கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? பிள்ளை முதலில் கையை ஊன்றியது, அம்மா அப்புறம் கை கொடுத்தாள்.

அதைவிடப் பெரிய கதை பெஸ்ஸி கோல்மன். 1892-ல் அமெரிக்காவில் டெக்சாஸில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிகாகோவில் ஒரு முடிதிருத்தும் கடையில் நகம் திருத்தி விடுகிற வேலை. மிளகாய் போட்டுச் சமைக்கிற ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையிலும் வேலை. கறுப்பினப் பெண் என்பதால் அமெரிக்காவில் ஒரு பயிற்சிப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. என்ன செய்தார்? பிரெஞ்சு படித்தார். சேர்த்த காசோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். 1921 ஜூன் 15-ல் உரிமம் வாங்கினார். அவருக்கும் உதவி கிடைத்தது, சிகாகோவின் ஒரு பத்திரிகை அதிபர் உதவினார். ஆனால் அடகு வைக்க அவருக்கு வீடும் இல்லை, வளையலும் இல்லை. அவர் வேலைதான் அவருக்குப் பிணை. (பலத்த கைதட்டல்)

இன்றைக்கும் அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனத்தில் சேர வேண்டும் என்றால் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். 2009-ல் பஃபலோ பக்கத்தில் நடந்த ஒரு விபத்துக்கு அப்புறம், 2013-ல் வந்த விதி. 250 மணியில் உரிமம் வாங்கிய பிள்ளை மிச்ச ஆயிரத்து இருநூற்று ஐம்பது மணிக்கு எங்கே போவான்? காசு கட்டிப் பறக்க ராஜா வீட்டுப் பிள்ளையாலும் முடியாது. அதனால் அவன் வாத்தியார் ஆகிறான். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் காசில் தன் மணியைக் கூட்டிக்கொள்கிறான். கடற்கரைமேல் விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு பறக்கிறான். பாராசூட்டில் குதிக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் மேலே இறக்கிவிட்டு... இறக்கிவிட்டு என்றா சொல்வது, தள்ளிவிட்டு வருகிறான்! (சிரிப்பு) அங்கே வேலைதான் மிச்சப் பயிற்சியே.

நம்ம ஊரில் அவ்வளவு மணி கேட்பதில்லை. ஆனால் நம்ம ஊரில் வேற ஆபத்து. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ந்தேதி நின்றது. 2020-ல் கொரோனா வந்து உலகம் பூரா விமானம் தரையில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. ஒவ்வொரு தடவையும் ஆயிரக் கணக்கான மணி அனுபவம் உள்ள விமானிகள் வேலை தேடி வெளியே வந்தார்கள். அந்த வரிசையில் 200 மணியோடு போய் நிற்கிற புதுப் பிள்ளைக்கு எப்போது முறை வரும்? நல்ல காலத்தில் நிறுவனங்கள் நூற்றுக் கணக்கில் விமானம் வாங்க ஒப்பந்தம் போடுகின்றன, உண்மை. விமானிகள் தேவை, அதுவும் உண்மை. ஆனால் உங்கள் பிள்ளை உரிமம் வாங்கி வெளியே வருகிற அந்த ஒரு வருஷம் நல்ல வருஷமா, கெட்ட வருஷமா என்று யாரால் சொல்ல முடியும்? விமானம் நிற்கலாம், 62,000 நிற்காதே!

எனக்குத் தெரிந்த ஒரு பெண். பி.எஸ்ஸி. இயற்பியல். அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநர். சென்னை விமான நிலையத்தில் தரைப்பணி வேலைக்குப் போனாள். விடியற்காலை நாலு மணி ஷிப்டு. பயணிகள் பெட்டியை எடை போட்டு, "மூணு கிலோ அதிகம் சார்" என்று சொன்னால் அவர்கள் விடுகிற வசவையும் வாங்கிக்கொண்டு, அஞ்சு வருஷம். மாசம் 12,000 ஒதுக்கினாள். வட்டியோடு எட்டு லட்சத்துக்குப் பக்கம் சேர்த்தாள். முதல் வருஷமே மெடிக்கல். நாலாம் வருஷமும் அஞ்சாம் வருஷமும் தாள்கள். நேவிகேஷனில் ஒரு தடவை போயிற்று, மறுபடி எழுதினாள். இதற்கிடையில் அங்கே வந்துபோகிற விமானிகளிடம் கேட்டுக் கேட்டு, எந்தப் பள்ளியில் விமானம் ஓடுகிறது, எங்கே கொட்டகையில் தூங்குகிறது என்று தெரிந்துகொண்டாள். பள்ளி விளம்பரத்தில் பத்து விமானம் நிற்கும். அதிலே எத்தனை பறக்கும் நிலையில் இருக்கிறது, எத்தனை வாத்தியார் இருக்கிறார், போன வருஷம் சேர்ந்தவர்கள் எத்தனை மாசத்தில் முடித்தார்கள், இதைத்தான் கேட்கணும். டி.ஜி.சி.ஏ.வே 2025-ல் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிட்டது. அந்த முதல் பட்டியலில் ஏ தரம் ஒரு பள்ளிக்கும் கிடைக்கவில்லை. கடன்காரப் பிள்ளைக்கு விசாரிக்க நேரம் இல்லை, "இடம் போயிரும்" என்ற பயம். இந்தப் பெண் நிதானமாக விசாரித்தாள். பணத்தையும் மொத்தமாகக் கட்ட மாட்டேன், பறக்கப் பறக்கக் கட்டுகிறேன் என்று பேசி, எழுத்தில் வாங்கினாள்.

அப்புறமும் கடன் வாங்கினாளா? வாங்கினாள். வீட்டைப் பிணை வைத்தார்களா? வைத்தார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன். சொந்தச் சேமிப்பும், அப்பா ஓய்வுப் பணத்திலிருந்து கொடுத்ததும் சேர்ந்து 15 லட்சம். கடன் 30 லட்சம். அதே வட்டி, அதே பத்து வருஷம் என்றால் தவணை சுமார் 41,000. 62,000 எங்கே, 41,000 எங்கே? மாசம் 21,000 வித்தியாசம் என்பது ஒரு குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, பால், கரண்ட் பில், தாத்தாவுக்கு மாத்திரை. ராத்திரித் தூக்கம் தனி!

உரிமம் வாங்கினாள். நல்ல வருஷம் இல்லை. பத்து மாசம் எந்த நிறுவனமும் ஆள் எடுக்கவில்லை. அவள் இடிந்து உட்காரவில்லை. பழைய இடத்தில் தெரிந்தவர்கள் இருந்தார்கள், தற்காலிகமாகக் கூப்பிட்டார்கள், போனாள். சாயங்காலம் தாள் எழுதுகிற பிள்ளைகளுக்கு வானிலைப் பாடம் எடுத்தாள். வட்டியை நிற்காமல் கட்டினாள். அப்புறம் மேற்பயிற்சி எடுத்து இப்போது ஒரு பயிற்சிப் பள்ளியில் உதவிப் பயிற்றுநர். இன்னும் ஏர்பஸ் ஓட்டவில்லை. ஆனால் தினம் வானத்தில் இருக்கிறாள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறாள்.

நடுவர்: பயணிகள் பெட்டியை எடை போட்ட பொண்ணு, இப்போ பயிற்சிக்கு வர்ற பிள்ளைகளை எடை போடுது!

அருமைங்கய்யா! (சிரிப்பு, கைதட்டல்)

கடன் வாங்கவும் வழியில்லை, சேர்க்கவும் சம்பளம் போதாது என்கிற வீடுகளும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர்களுக்கு ரெண்டு வார்த்தை. பட்டியலினப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானி உரிமப் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. வருமான வரம்பு உண்டு, கல்வி உதவித்தொகை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். விமானப்படைக்குத் தேர்வானால் பயிற்சிக்கு நாம் ஒரு பைசா கட்ட வேண்டாம், அவர்களே சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 2022 முதல் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். கல்லூரியில் என்.சி.சி. வான் பிரிவு இருந்தால் உடனே பேர் கொடுங்கள். விமானம் என்றால் என்ன வாசனை என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

எதிரணி அம்மா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்கள். "பெத்தவங்க கடன் படாம வேற யாரு படுவா?" என்று. பெத்தவங்க படட்டும் அம்மா. ஆனால் பிள்ளையிடம் முதலில் ஒரு சம்பளச் சீட்டைக் கேளுங்கள். மூணு மாசமோ, மூணு வருஷமோ. அதிலிருந்து அவன் காசில் மெடிக்கல் முடிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு தாளாவது பாஸ் பண்ணச் சொல்லுங்கள். அப்புறம் அந்த மஞ்சள் பையை எடுங்கள். அடுத்த வாரம் இடம் போயிரும் என்று எந்தப் பள்ளி சொன்னாலும், போகட்டும் என்று சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் அய்யா. இறங்கிவிடுகிறேன், விநாடிக்கு ஆறே கால் ரூபாய்! (சிரிப்பு) விமானி ஆக நினைக்கிற பிள்ளைக்குப் பெரிதும் கைகொடுப்பது பிள்ளை பார்க்கும் வேலையே என்று தீர்ப்புச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)